வெகுதானிய வருஷத்து அண்டா

தாய்மாமன் என்றால் சீர் கொண்டுபோக வேண்டும். மற்ற தாய்மாமன்கள் பட்டு, பழத்தட்டு, சங்கிலி என்று கொண்டுபோவார்கள். நான் 1878ஆம் வருஷத்தைக் கொண்டுபோனேன். அந்த வருஷம் உலகத்தில் நடந்தவை, பிறந்தவர்கள் எல்லாவற்றையும் சிறு புத்தகமாக அச்சடித்து, அட்டைப்பெட்டிகளில் கட்டி, காரின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனேன். இறந்தவர்களை ஏன் விட்டுவிட்டேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். பட்டும் கொண்டுபோனேன். அதை என் மனைவி வாங்கியிருந்தாள். ஆகவே அதில் யாரும் குறை சொல்லவில்லை.

எல்லாம் ஜாதகத்தில் தொடங்கியது. பினாங்கில், டத்தோ கிராமாட்டில் அக்கா வீட்டுக் கூடத்தில் ஜோசியர் உட்கார்ந்து அக்கா மகளின், அதாவது என் மருமகளின், ஜாதகத்தைப் பிரித்து வாசித்தார். வெகுதானிய வருஷம், ஆவணி மாதம் என்று அவர் ஆரம்பித்ததும், சமையலறையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த அக்கா டம்ளரோடு வெளியே வந்தாள். "அது நம்ம அண்டாவில இருக்கே," என்றாள்.

அண்டா என்றால் சாதாரண அண்டா இல்லை. பின்கட்டு அறையில் பாதியை அடைத்துக்கொண்டு, தலைகீழாகக் கவிழ்ந்து, மேலே பழைய மின்விசிறியையும் கிறிஸ்துமஸ் மரம் ஒன்றையும் சுமந்துகொண்டிருக்கும் பித்தளை மலை. எங்கள் அப்பாவிடமிருந்து அக்காவுக்கு வந்தது. அவருக்கு எப்படி வந்தது என்று கேட்டால், "அது அந்தக் காலத்துது" என்று மட்டும் சொல்வார். அவர் முன்தினம் நடந்ததைக்கூட அப்படித்தான் சொல்வார் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அண்டாவின் கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கும். பல கல்யாணங்களின் விறகுக் கரி ஏறியதில் மேல்வரி மட்டும்தான் படிக்கக் கிடைத்தது: வெகுதானிய வருஷம், ஆவணி மாதம். வருஷம் என்ற வார்த்தைகூட இல்லை. அதற்கு அந்தக் காலத்தில் போடும் சுழித்த குறி இருந்தது.

ஜாதகம் பொருந்தியது. மாப்பிள்ளை நல்ல பையன். என் மருமகளும் அவனும் பாயான் லெப்பாஸில் ஒரே தொழிற்சாலையில் இன்ஜினியர்கள். ஜோசியரைக் கேட்பதற்கு முன்பே அவர்களே பொருத்தம் பார்த்துவிட்டார்கள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும், ஜோசியருக்கும் தெரியும். பொருந்தவேண்டியது சம்பந்திகள்தான்.

சம்பந்தி பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், செபராங் ஜெயாவில் இருப்பவர். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். ஆனால் அவர் குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் முதுகு நிமிர்ந்துவிடும். நிச்சயதார்த்தத்தன்று, தட்டு மாற்றுவதற்கு முன்பாகவே, தன் கொள்ளுத்தாத்தா கப்பலிலிருந்து இறங்கியபோது ஜார்ஜ்டவுனில் பாதிக் கட்டடம் கிடையாது என்றார். தாத்தா காலத்தில் வியாபாரம் என்றார். என்ன வியாபாரம் என்று சொல்லவில்லை. பெரிய வியாபாரம் என்று மட்டும் கையை விரித்துக் காட்டினார்.

எங்கள் குடும்பத்தில் கையை விரித்துக் காட்ட ஒன்றுமில்லை. அப்பா மின்சார வாரியத்தில் மீட்டர் படித்தவர். அக்கா கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டாள். பிறகு, யாரும் கேட்காமலே, எங்கள் வீட்டில் வெகுதானிய வருஷத்து அண்டா ஒன்று இருப்பதாகச் சொன்னாள்.

சம்பந்தி சிரித்தார். "வெகுதானியன்னா அறுபது வருஷத்துக்கு ஒருக்கா சுத்திச் சுத்தி வருமே, சம்பந்தியம்மா. இது எந்த வெகுதானிய? தொண்ணூத்தெட்டா இருக்கப் போவுது லா."

கூடம் சிரித்தது. மாப்பிள்ளை வீட்டார் சிரித்தால் பெண் வீட்டாரும் சிரிக்கவேண்டும், சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீ சொல்லு."

எனக்கு நாலு எழுத்து படித்தவன் என்று குடும்பத்தில் ஒரு பேர் உண்டு. அந்தப் பேரால் இதுவரை யாருக்கும் பயன் இருந்ததில்லை. இது முதல் சந்தர்ப்பம். மனதுக்குள் கணக்குப் போட்டேன். தொண்ணூற்றெட்டிலிருந்து அறுபதைக் கழித்தால் 1938. இன்னோர் அறுபதைக் கழித்தால் 1878. முப்பத்தெட்டு ஒரு நிறுத்தம்தான். பஸ் அங்கே நின்றிருக்கலாம், ஆனால் ஏறவோ இறங்கவோ யாரும் கையைக் காட்டவில்லை. அந்தச் சுழித்த குறி, அந்தக் கரி, அப்பாவின் 'அந்தக் காலத்துது', எல்லாவற்றுக்கும் மேல் அக்காவின் முகம். "1878," என்றேன். என் கல்யாணத்தில்கூட நான் எதையும் அவ்வளவு உறுதியாகச் சொன்னதில்லை.

சம்பந்தி தலையை ஆட்டினார். "அப்ப அதைப் பத்தி எழுதிக் கொடுங்க தம்பி. படிச்சுப் பாக்கறேன்."

அவர் அதை மரியாதைக்காகத்தான் சொன்னார் என்பது இப்போது புரிகிறது. எழுதுகிறவனிடம் மரியாதைக்காகப் பேசக்கூடாது. மறுவாரமே நான் நூலகத்தில் இருந்தேன்.

வருஷத்தைத் தேடிப் போகும்போதுதான் தெரிந்தது, தமிழ் வருஷம் சித்திரையில் பிறக்கிறது, உலகம் அதைப் பற்றிக் கவலைப்படாமல் ஜனவரியில் தொடங்கிவிடுகிறது என்பது. கிராமபோனுக்கு மூதாதையான பேசும் பெட்டிக்கு அமெரிக்காவில் உரிமை வாங்கியது பிப்ரவரியில். அது ஈஸ்வர வருஷக் கணக்கு, எனக்கு இல்லை. இத்தாலி ராஜா ஜனவரியில் இறந்துவிட்டார், போப்பாண்டவர் பிப்ரவரியில். இரண்டு பேரும் சித்திரை வரை பொறுத்திருந்தால் என் புத்தகத்தில் இடம் பிடித்திருக்கலாம். போனது போக, மறுவருஷத்தின் முதல் மூன்று மாதம் எனக்கு வந்து சேர்ந்தது. அதில் மார்ச் மாதம் ஜெர்மனியில் ஒரு நகரத்தில் ஒரு குழந்தை பிறந்திருந்தது. பின்னாளில் தலை சீவாமல் இருந்து, காலமே ஆளுக்கு ஆள் வேறுபடும் என்று சொன்ன ஆள். பினாங்கில் கல்யாண முகூர்த்தம் நடக்கும் நேரத்தைப் பார்த்தவர்களுக்கு அது புதிய செய்தி அல்ல என்று ஒரு வரி எழுதினேன்.

ஜூன் மாதம் கலிபோர்னியாவில் ஓடுகிற குதிரையை வரிசையாகப் புகைப்படம் எடுத்து, ஓட்டத்தில் அதன் நாலு காலும் ஒரு கணம் தரையை விட்டு எழும்புகின்றன என்று நிரூபித்திருந்தார்கள். பாரிஸ் பொருட்காட்சியில் ஒரு பெண்ணின் ராட்சசத் தலையை, உடம்பு இல்லாமல், தலையை மட்டும் நிறுத்திவைத்திருந்தார்கள். உடம்பு பல வருஷம் கழித்துச் சேர்ந்து, இப்போது நியூயார்க்கில் தீவட்டி பிடித்து நிற்கிறது. லண்டனில் நதிக்கரையில் எகிப்திலிருந்து கொண்டுவந்த கல்தூண் ஒன்றை நட்டார்கள். மெட்ராஸில் ஆறு இளைஞர்கள் சேர்ந்து ஒரு பத்திரிகை ஆரம்பித்தார்கள், அது இன்றும் வருகிறது. கார்த்திகையில் தமிழ்நாட்டின் ஒரு கிராமத்தில் பிறந்த குழந்தை பின்னாளில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இந்தியாவுக்கே கவர்னர் ஜெனரலாக உட்கார்ந்தது. பினாங்கில் என்ன நடந்தது என்று தேடினேன். நான் தேடிய இடங்களில் ஒன்றும் அகப்படவில்லை. ஆகவே, 'பினாங்குக்கு எங்கள் அண்டா வந்து சேர்ந்தது' என்று எழுதினேன். மறுக்க ஆள் இல்லை.

ஒன்றை மட்டும் சிரிக்காமல் எழுதினேன். அதற்கு முந்தின வருஷங்கள்தான் தாது வருஷப் பஞ்சம். தென்னாட்டில் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பல் ஏறிய காலம். அது முடிந்து வந்த வருஷத்துக்கு வெகுதானியம், நிறையத் தானியம், என்று பேர். பேர்ப் பட்டியல் எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே போட்டு வைத்தது, பஞ்சத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். தெரிந்தும், அந்த வருஷம் யாரோ ஒருவர் அரிசி பொங்க ஓர் அண்டா வாங்கினார் என்று எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கையெழுத்துப் பிரதியை அக்காவிடம் காட்டினேன். அக்கா இதைத் தாம்பூலப் பையில் வைத்து விருந்தாளிகளுக்குக் கொடுப்பதென்று முடிவு செய்திருந்தாள். கடைசிப் பகுதிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினாள்.

"வெத்தலை பாக்கோட சாவு செய்தியும் வெச்சுக் கொடுப்பியா?"

நான் வாதாடினேன். பிறந்தவர் என்றால் இறந்தவரும் வேண்டும், அதுதான் முறை, எல்லாக் கலைக்களஞ்சியத்திலும் அப்படித்தான் என்றேன். அக்கா கலைக்களஞ்சியத்தில் யாரும் தாலி கட்டுவதில்லை என்றாள். அதோடு முடிந்தது. ஆக, என் புத்தகத்தின்படி வெகுதானிய வருஷத்தில் உலகத்தில் ஓர் ஆள்கூடச் சாகவில்லை. பிறந்துகொண்டே இருந்தார்கள். விக்டோரியா ராணியின் மகள் ஒருத்தி மட்டும் டிசம்பரில் 'நோய்வாய்ப்பட்டிருந்தார்' என்று ஒரு வரியை நான் ஒளித்து வைத்திருந்தேன். அதையும் அக்கா கண்டுபிடித்து அடித்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வீட்டில் நலுங்கு. தெருவை அடைத்துப் பந்தல். மாப்பிள்ளை வீட்டார் பாலம் தாண்டி மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. சாப்பாடு எல்லாம் சமையல் மாஸ்டரின் அலுமினியப் பாத்திரங்களில். சர்க்கரைப் பொங்கல் மட்டும் வெகுதானிய அண்டாவில் பொங்கவேண்டும் என்பது அக்காவின் கட்டளை. அண்டாவை யாரும் துலக்கக்கூடாது என்பதும் கட்டளை. கரி இருந்தால்தான் பழசு என்று தெரியும் என்று அவளுக்கு ஒரு கணக்கு.

மாஸ்டர் அண்டாவைப் பார்த்தார், சுற்றி வந்தார், கரியை விரலால் தொட்டுப் பார்த்தார். இதை இப்படியே அடுப்பில் ஏற்றினால் கரி உதிர்ந்து பொங்கலில் விழும், என் பேர்தான் கெடும், துலக்கினால் சமைக்கிறேன், இல்லையென்றால் இதில் மீன் வளர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். அக்கா நலுங்குக்கு மஞ்சள் அரைக்கும் அவசரத்தில் சரி என்று கையை ஆட்டிவிட்டாள். அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, புளியும் இரும்பு நாருமாக வீட்டுப் பக்கவாட்டில் உட்கார்ந்தார்.

அத்தான் அதிகம் பேசமாட்டார். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். "மச்சான், இதைக் கொஞ்சம் படிங்க. எனக்குக் கண்ணாடி இல்ல."

கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது.

கரி போன இடத்தில் இரண்டாவது வரி மின்னியது. பினாங்கு மோட்டார் டிரைவர்கள் உபயம்.

நான் இரண்டு முறை படித்தேன். எழுத்து மாறவில்லை. உலகம் இன்னும் மோட்டார் கார் என்ற பொருளைக் கண்டுபிடிக்காத ஒரு வருஷத்தில், அதை ஓட்டுகிறவர்கள் பினாங்கில் ஒன்றுகூடி, அண்டா வாங்கி உபயம் செய்திருக்கிறார்கள். நான் குதிரையின் நாலு காலுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். பஸ் 1938லேயே நின்றிருந்தது, நான்தான் தூங்கிக்கொண்டு தாண்டிப் போயிருந்தேன்.

"தொண்ணூத்தெட்டு இல்லியே, அதுவரைக்கும் நல்லது," என்றார் அத்தான்.

அக்கா மஞ்சள் கையோடு வந்து நின்றாள். படித்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்துத் தயாராக நின்றேன். அவள் திட்டவில்லை. தணிந்த குரலில் பேசினாள்.

"அந்த மனுஷன் இதைப் படிச்சாருன்னா இன்னைக்குச் சிரிச்சிட்டு விட மாட்டாரு தம்பி. ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லுவாரு. அந்த வீட்டுல உக்காந்து அதைக் கேக்கப் போறது என் பொண்ணு."

நான் புத்தகத்தை ஒளித்துவிடலாம் என்றேன். புத்தகம் ஏற்கெனவே தாம்பூலப் பைகளுக்குள் போயிருந்தது. அண்டாவுக்கு மறுபடி கரி பூசலாம் என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் என் படிப்பு மொத்தமும் அடங்கியிருந்தது. அவள் உள்ளே போய் இலையோடு கூடிய மஞ்சள் கொத்துகளை எடுத்துவந்தாள். பொங்கல் பானை கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டுவது நம் வழக்கம்தானே, யார் கேட்கப் போகிறார்கள்? இரண்டாவது வரி மறையும்படி அடர்த்தியாகக் கட்டினாள். மேல் வரியை மட்டும் விட்டாள். வெகுதானிய வருஷம், ஆவணி மாதம். அண்டா பார்க்கத் தெய்வீகமாக இருந்தது. அடுப்பில் ஏற்றினார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நலுங்கு நடந்தது. என் மருமகள் முகமெல்லாம் மஞ்சளாக, அத்தைமார் பூசிவிடப் பூசிவிடச் சிரித்துக்கொண்டிருந்தாள். சம்பந்தி வந்ததும் வராததுமாக என்னைத் தேடினார். "தம்பி, எழுதினீங்களா?" மரியாதைக்காகக் கேட்டாரோ என்னவோ, நான் கொடுத்துவிட்டேன். அவர் வாங்கிக்கொண்டு, பந்தலில் காற்று வருகிற ஒரே இடமான பெரிய மின்விசிறிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டார். மின்விசிறி அடுப்புப் புகையை விரட்ட வைத்தது. ஆகவே அண்டாவும் அங்கேதான் இருந்தது.

அவர் படிக்க ஆரம்பித்தார். என் வாழ்நாளில் என் எழுத்தை ஒருவர் அவ்வளவு கவனமாகப் படித்து நான் பார்த்ததில்லை. வேறு எந்த நாளாக இருந்தாலும் கண் கலங்கியிருப்பேன். குதிரையில் ஒரு முறை சிரித்தார். பஞ்சம் வந்த இடத்தில் கண்ணாடியைத் துடைத்தார். இதற்கிடையில் அடுப்பு நன்றாகப் பிடித்துக்கொண்டது. பொங்கல் கொதித்தது. மஞ்சள் இலை, எவ்வளவு மங்கலமானதாக இருந்தாலும், தீயின் பக்கத்தில் வாடத்தான் செய்யும். நானும் அக்காவும் பந்தலின் இந்தக் கோடியில் நின்று, இலைகள் ஒவ்வொன்றாகத் தொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சம்பந்தி கடைசிப் பக்கத்தை முடித்தார். எழுந்தார். படித்ததைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று தோன்றியிருக்கிறது. அண்டா அருகில் குனிந்தார், தொங்கிய இலையை விரலால் ஒதுக்கினார். அத்தான் என் பக்கத்தில் நின்று மெதுவாக வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"மோட்டார் டிரைவர்கள் உபயம்," என்று சத்தமாகப் படித்தார் சம்பந்தி.

 நலுங்குப் பலகையில் என் மருமகள் நிமிர்ந்தாள். நான் பேச வாயைத் திறந்தேன். அறுபது வருஷச் சுழற்சியைப் பற்றி நல்ல விளக்கம் ஒன்று கைவசம் இருந்தது. அக்கா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு முன்னால் போனாள்.

"ஆமா அண்ணே. முப்பத்தெட்டாம் வருஷத்து அண்டா. காலையிலதான் எங்களுக்கே தெரியும்."

 சம்பந்தி அந்த வரியை விரல் சுடச்சுட மறுபடி தடவிப் பார்த்தார். நிமிர்ந்தபோது முதுகு, வழக்கத்துக்கு மாறாக, முழுதாக நிமிரவில்லை.

"எங்க தாத்தா மோட்டார் டிரைவர்தான், சம்பந்தியம்மா. வடக்குக் கடற்கரை ரோட்டுல ஒரு சீன முதலாளி, தவுக்கே ஒருத்தரு வீட்டுல ஓட்டுனாரு."

"வியாபாரம்னு சொன்னீங்களே," என்றார் அவர் மனைவி, பின்னாலிருந்து.

"தவுக்கே வியாபாரம் பண்ணாரு லா. இவரு ஓட்டுனாரு."

"கல்யாணத்தப்ப என்கிட்டயும் அப்படித்தான் சொன்னீங்க."

பந்தல் சிரித்தது. இந்த முறை இரண்டு வீடும் சேர்ந்து. சம்பந்தியும் சிரித்தார், முதலில் கொஞ்சம், பிறகு தோள் குலுங்க. அந்தக் காலத்தில் பினாங்கில் தமிழ் டிரைவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள், எல்லாரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள்தானே, வருஷா வருஷம் கோயிலில் அவர்கள் பூசை எடுத்ததைத் தன் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறார், இதற்குத் தாத்தாவும் காசு போட்டிருப்பார் என்று அடுக்கிக்கொண்டே போனார். அதில் எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியாது. வருஷத்தைச் சொல்வதில் எனக்கிருந்த உறுதி அவருக்குத் தாத்தாவைச் சொல்வதில் இருந்தது. கடைசியில், அப்படிப் பார்த்தால் அண்டாவில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று முடித்தார்.

அக்காவின் முகத்தில் ரத்தம் திரும்பியதை நான் கண்ணால் பார்த்தேன். "இருக்கலாம் அண்ணே. ஆனா டிரைவருங்க எல்லாம் சேந்து ஒரு வீட்டுக்கு அண்டாவே உபயம் பண்ணியிருக்காங்கன்னா, அந்த வீட்டுல வாங்கிக்கிட்டவரு எப்பேர்ப்பட்ட ஆளா இருந்திருக்கணும்?"

உபயம் கோயிலுக்குச் செய்வது, வீட்டுக்கு இல்லை, அது எங்கள் வீட்டில் எப்படி வந்து தங்கியது என்பது தனி விசாரணைக்குரிய விஷயம் என்று எனக்குத் தோன்றியது. வாயைத் திறக்கவில்லை. தாய்மாமன் அடக்கமாக இருக்கவேண்டிய நேரங்களும் உண்டு.

பொங்கல் விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது. மாஸ்டர் நீளக் கரண்டியோடு வந்தார். சம்பந்தி அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, சட்டைக் கையை மடித்தார். பெண் வீட்டு அடுப்பில் மாப்பிள்ளை வீட்டார் கரண்டி பிடிப்பது எந்த ஊர் வழக்கம் என்று அக்கா கேட்டாள்.

"மாப்பிள்ளை வீட்டார் பிடிக்கக் கூடாது, சரி. உபயதாரர் பிடிக்கலாம்ல?"

அக்கா அவரைப் பார்த்தாள், அண்டாவைப் பார்த்தாள், மஞ்சள் பூசிய மகளைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் ஒரு வாடிய இலையை வழித்து எடுத்து, அவருக்கு நிற்க இடம் விட்டாள்.

"அடி பிடிக்காமக் கிண்டுங்க அண்ணே," என்றாள்.